இந்த மாதம் எத்தனை அவுன்ஸ்?

எங்க ஆயா காதில் தங்கம் போட்டு நான் பார்த்ததில்லை. துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகியிருக்கும். கேட்டால், 'எங்கப்பன் தங்கத்துலயே பொரண்டவன்டா, அந்த ஆசையெல்லாம் அவனோடவே போச்சு' என்று சொல்லிச் சிரிக்கும். ஆயாவின் அப்பன் குடியாத்தம் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் ஒருவன் 'கோலாருக்குப் போயிட்டான்' என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. பண்ணைக்காரன் பிடியிலிருந்து தப்பித்துவிட்டான் என்பது ஒன்று. இனிமேல் அவனை எதிர்பார்க்க வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது ஆய்வேட்டுக்கு இந்தத் தங்கவயல் மக்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு தாள் எழுதிக்கொண்டு போனேன். துறையில் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, 'தமிழ் இலக்கியத்துல சுரங்கம் எங்கப்பா வருது? குறிஞ்சியா, முல்லையா, மருதமா? எந்தத் திணையில சேர்ப்பே?' என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் தமிழில் திணை இல்லைதான். பக்தி இலக்கியத்தில் ஒரு தலைப்பை எடுத்து எழுதிக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

விட்டதை மறுபடி பிடித்தது இயக்க வேலைக்கு வந்த பிறகு. மைசூர் கெஜட்டியர், சுரங்கக் கம்பெனிகளின் வரலாறு, தொழிற்சங்கம் பற்றிய ஆய்வுகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆயாவின் அப்பன் பெயர் எங்காவது ஒரு மூலையில் இருக்காதா என்ற நப்பாசைதான் காரணம். இருக்கவில்லை. அவரைப் போன்ற யார் பெயரும் இருக்கவில்லை. பெயர் இருந்திருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. இந்த மாதம் எத்தனை அவுன்ஸ்?

கேட்டவர்கள் லண்டனில் இருந்தார்கள். தங்கவயலை ஒருநாளும் கண்ணால் பார்க்காத பங்குதாரர்கள். அவர்களுக்குச் சுரங்கம் என்பது மாதம் ஒருமுறை தந்தியில் வரும் இரண்டு மூன்று எண்கள்தான். அரைத்த கல் இத்தனை டன். எடுத்த தங்கம் இத்தனை அவுன்ஸ். முன்னதால் பின்னதை வகுத்தால் டன்னுக்கு இத்தனை பென்னிவெயிட். ஓர் அவுன்ஸ் என்பது நம் கணக்கில் 31 கிராம் சொச்சம், அதில் இருபதில் ஒரு பங்கு பென்னிவெயிட். இந்த எண்கள் அங்குள்ள சுரங்கப் பத்திரிகைகளில் அச்சாகும். எண் ஏறினால் பங்கு விலை ஏறும். எண் இறங்கினால் கூட்டத்தில் எழுந்து நின்று மேனேஜரைக் குடைவார்கள்.

அவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கேட்ட கேள்விகளைப் படித்தால் நம் ஆட்கள் பஞ்சாயத்தில் கேட்கிற கேள்விகளைப் போலத்தான் இருக்கும். அவுன்ஸ் கூடியிருக்கிறதே, அது சாதாரணமாக வெட்டிய கல்லில் வந்ததா, நல்ல கல்லாகப் பொறுக்கி அரைத்து எங்கள் வாயை அடைக்கிறீர்களா? கையிலிருக்கும் நல்ல கல் இன்னும் எத்தனை மாதத்துக்கு வரும்? அடுத்த தட்டுக்கு இறங்கக் குழி வெட்டுகிறீர்களா, இல்லை அந்தச் செலவை மிச்சம் பிடித்து லாபம் என்று காட்டுகிறீர்களா? ஒரு சுரங்கத்தை எப்படி நோட்டம் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனென்றால் ஏற்கெனவே ஒருமுறை நன்றாக ஏமாந்திருந்தார்கள்.

ஏமாந்தது நம்ம ஊர்ப் பக்கத்தில்தான். நீலகிரியின் மேற்குச் சரிவில், பந்தலூர், தேவாலா பகுதியில். குறும்பரும் பணியரும் ஓடை மண்ணை அலசித் தங்கப் பொடி எடுத்துக்கொண்டிருந்த இடம் அது. 1879, 1880-இல் அங்கே தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கிளப்பிவிட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. பணம் குவிந்தது. இயந்திரங்கள் காடேறின. கல்லை அரைத்துப் பார்த்தால், சொன்ன தங்கத்தில் சொற்பம்கூட இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் முடிந்தது. போட்ட முதல் போன துக்கம் கெஜட்டியர்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த ஓடைகளில் தலைமுறை தலைமுறையாக அலசிய பணியர்களைக் கூப்பிட்டு, 'எங்கே கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கோலார் பின்னாளில் பெரிய பெயர். தொடங்கியபோது அது மிகச் சின்ன விஷயம். லவெல் என்ற அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் படைவீரராக இருந்துவிட்டு பெங்களூரில் வந்து தங்கியவர், 1873-இல் மைசூர் அரசிடம் சுரங்கம் வெட்ட உரிமை கேட்டு வாங்கினார். கையில் காசில்லாமல் சில வருஷத்தில் வேறு ஆட்களுக்குக் கைமாற்றிவிட்டார். 1880-இல் மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி லண்டனில் பதிவாகிறது. நிர்வாகம் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். பக்கத்திலேயே உரிகம், நந்திதுர்க்கம் என்று வேறு கம்பெனிகளும் குழி தோண்டின. மூன்று நான்கு வருஷம் தோண்டினார்கள். தந்தியில் போன எண்களைப் பங்குதாரர்கள் பார்த்தார்கள், வயநாடு ஞாபகம் வந்திருக்கும். மைசூர் கம்பெனி பங்கின் விலை பாதாளத்துக்குப் போனது. முதல் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதைப் பிரித்துக்கொண்டு கடையைக் கட்டிவிடலாம் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஜான் டெய்லர், இருக்கிற பணத்தையும் போட்டுப் பார்ப்போம் என்று வாதாடினார். கேப்டன் பிளம்மர் என்பவரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. இந்த கேப்டன் ராணுவ கேப்டன் அல்ல. கார்ன்வால் பக்கத்துச் சுரங்கங்களில் மேலாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பிளம்மர் செய்தது என்ன? இந்த ஓர் இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பெனிகள் வந்தபோதே அந்தத் தரையெங்கும் பழைய பள்ளங்கள் கிடந்தன. யாரோ எப்போதோ வெட்டித் தூர்ந்துபோன குழிகள், அரைத்த கல்லின் குவியல்கள். அந்தப் பள்ளங்களில் இருந்ததையெல்லாம் பழையவர்கள் வழித்து எடுத்துப் போய்விட்டார்கள் என்று முன்னால் வந்தவர்கள் தள்ளி வைத்துவிட்டு, அங்கே இங்கே புதுசாகத் தோண்டினார்கள். பிளம்மர் அந்தப் பழைய குழிகளைத் துப்புரவாக்கி, அவற்றுக்கு அடியிலேயே இறங்கினார். 1885-இல் தங்கரேகை அகப்பட்டது. சாம்பியன் ரீஃப் என்று பின்னர் உலகமே பேசிய தங்கரேகை அதுதான். பழைய ஆட்கள் நூறு அடிக்கும் கீழே போய், நீர் ஊற்றெடுத்தோ காற்று பற்றாமலோ எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார்களோ, அதற்குக் கீழே அது போய்க்கொண்டே இருந்தது.

அதாவது லண்டனில் மூட இருந்த ஒரு சிறு சுரங்கத்தைக் காப்பாற்றிய வரைபடம், பெயரில்லாத சில மனிதர்கள் பூமியில் வெட்டி வைத்துவிட்டுப் போன வரைபடம். கம்பெனி வரலாறுகளில் பிளம்மருக்கு இடம் உண்டு, டெய்லருக்கு இடம் உண்டு. குழியை வெட்டியவர்களுக்கு 'பழைய வேலைகள்' என்று இரண்டே சொல். அவர்கள் யார்? 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் வாரன், தங்க வதந்தியைக் கேட்டு உரிகம், மாரிக்குப்பம் பக்கம் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கூடையில் வைத்துக் கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றுகிறார்கள். பெண்கள் ஒரு பெரிய கல்லின் மீது வைத்து அதைப் பொடியாக இடிக்கிறார்கள். அப்புறம் தண்ணீரில் அலசுகிறார்கள். கம்பெனியின் ஸ்டாம்ப் மில் செய்ததும் இந்த இடிப்பு வேலைதான். இரும்பு உலக்கை, நீராவி, அவ்வளவு வித்தியாசம். பிறகு பாதரசம் பூசிய செப்புத் தகட்டில் தங்கத்தைப் பிடிப்பது, மிச்ச மண்ணைச் சயனைட் கரைசலில் ஊறவைத்து அதில் ஒட்டியிருப்பதையும் உறிஞ்சுவது என்று வளர்ந்தது. உலக்கை பிடித்த பெண்களின் கையை எந்தப் பங்குதாரர் கூட்டமும் நினைத்துப் பார்த்ததில்லை.

1885-க்குப் பிறகு தந்தியில் போன எண்கள் எல்லோர் வாயையும் மூடின. டன்னுக்கு ஓர் அவுன்சுக்கு மேல் கிடைத்த காலம் அது. மூட இருந்த மற்றக் கம்பெனிகளும் உயிர்த்தெழுந்தன. மைசூர் அரசு எடுத்த தங்கத்தின் மதிப்பில் 5 சதவீதம் ராயல்டி வாங்கிக்கொண்டது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூர் ஊருக்கே 1905-இல்தான் விளக்கு எரிந்தது. அந்தக் கம்பி கூலிகளின் குடிசைக்காக இழுத்த கம்பி அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே 1905-இல் தங்க உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. அதற்கப்புறம் அந்த உயரத்துக்கு அது போகவே இல்லை.

கல்லை வெட்ட ஆள் வேண்டுமே. வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து மேஸ்திரிகள் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். பஞ்சமும் பண்ணையமும் விரட்டின என்பது ஒரு பாதி. கூலி காசாகக் கையில் கிடைக்கும், யாரைக் கண்டும் துண்டை இடுப்பில் கட்ட வேண்டாம் என்பது மறுபாதி. இந்த மறுபாதியைச் சில வரலாற்றாசிரியர்கள் எழுதுவதில்லை. எங்கள் ஆட்களை எப்போதும் துரத்தப்பட்டவர்களாகவே காட்டிப் பழகிவிட்டார்கள். ஆயாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்: 'எங்கப்பனை யாரும் இட்டுக்கினு போவல. ராவோட ராவா அதுவாத்தான் போச்சு. ரெட்டியார் ஊட்டு மாட்டை அவுத்து உட்டுட்டுப் போச்சாம்.'

போய் இருந்தது மூங்கில் தட்டியில் கட்டிய குடிசை. தட்டி வீடு என்பார்கள். வரிசை வரிசையாக இருப்பதால் லைன். ஆயாவுக்கு நாலைந்து வயசு நினைவு மட்டும்தான் இருக்கிறது. சங்கு ஊதினால் அம்மா எழுந்து கதவாண்டை நிற்குமாம். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கூட்டத்தில் அப்பன் முகம் தெரிகிற வரைக்கும் உள்ளே வராதாம். அப்பன் மேலே கார்பைட் விளக்கின் நாற்றம் வீசும், குளித்தாலும் போகாது. 'நேரம் கெட்ட நேரத்துல சங்கு ஊதுனா மட்டும் ஒரு பொம்பள ஊட்டுல இருக்க மாட்டாடா' என்று சொல்லும்போது ஆயாவின் குரல் மாறிவிடும்.

நேரம் கெட்ட நேரத்தில் ஏன் ஊத வேண்டும்? ஆழம் போகப் போக, மேலே உள்ள பாறையின் பாரம் தாங்காமல், வெட்டிய இடத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாறை வெடிப்புதான் அது. சாம்பியன் ரீஃப் கடைசியில் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அந்தப் பாறையில் முதுகு சாய்க்க முடியாது. லண்டன் கூட்டங்களைப் பொறுத்தவரை பாறை வெடிப்பு என்பது, இந்த மாதம் அவுன்ஸ் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு ஒரு பதில். அப்படி ஒரு பதிலாக ஆவதற்கு எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது வேறு கணக்கு. அது வேறு நோட்டில் இருந்தது.

அவுன்ஸ் குறைந்தால் இன்னொரு பதிலும் கைவசம் இருந்தது. திருட்டு. கல்லில் தங்கம் பளிச்சென்று தெரிந்த காலம். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது என்று கம்பெனிகள் புலம்பின. 1897-இல் மைசூர் அரசு சுரங்கங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தது. ஒருவன் கையில் தங்கம் ஒட்டிய கல் இருந்தால், அது எப்படி வந்தது என்று அவன்தான் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அவன் திருடன். குற்றத்தைச் சாட்டியவன் நிரூபிக்க வேண்டும் என்ற சாதாரண நியாயத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். பூமியிலிருந்து பல நூறு டன் தங்கத்தை எடுத்துக் கடல் கடந்து அனுப்பியவர்களிடம், உங்கள் கையில் இது எப்படி வந்தது என்று கேட்கச் சட்டம் இல்லை. மடியில் ஒரு கல் வைத்திருந்தவனைக் கேட்க இருந்தது.

இந்த நோட்டம் பார்க்கும் வேலை முற்றி ஒரு கட்டத்தில் மனிதனின் விரலுக்கு வந்தது. 1930-இல் தொழிலாளர் எல்லோரையும் விரல்ரேகை எடுத்துப் பதிவு செய்யப்போகிறோம் என்றார்கள். கைநாட்டு நம் மக்களுக்குப் புதிசில்லை. கடன் பத்திரத்தில் வைத்திருக்கிறார்கள், அடிமைச் சீட்டில் வைத்திருக்கிறார்கள். ஒருவேளை அதனால்தான் அதன் அர்த்தம் சட்டென்று புரிந்தது. அந்த ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்கள் குழிக்குள் இறங்க மறுத்தார்கள். அப்போது அங்கே சங்கம் என்று ஒன்று கிடையாது. தலைவர் யார் என்று நிர்வாகம் தேடித் தேடிப் பார்த்தும் பிடிபடவில்லை. 21 நாள் ஸ்டாம்ப் மில் ஓடவில்லை. அந்த மாதத்துக் கணக்கில் பள்ளம் விழுந்தது. லண்டனில் படிக்கிற எண்ணில் நம் மக்கள் தங்கள் கையால் எழுதிய ஒரே திருத்தம் என்று எனக்குத் தோன்றும். ஆயாவின் அப்பன் அதில் இருந்தாரா என்று கேட்டேன். 'இருந்திருக்கும். எல்லாருந்தானே இருந்தாங்க' என்றது.

நுரையீரலைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஓர் எண் போதும். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து கல்லாகும் சிலிகோசிஸ் நோய்க்கு மைசூர் அரசு 1940-இல்தான் நஷ்டஈடு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்தாண்டில் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் படம் பிடித்துச் சோதித்தார்கள். 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. பென்னிவெயிட்டை ஒன்றிரண்டு தசமம் வரைக்கும் மாதாமாதம் எண்ணிய தொழிலில், நெஞ்சுக்குள் பார்க்க அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. ஆயாவின் அப்பன் ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு மழை தாங்கவில்லை. எந்த மைன்சில் வேலை செய்தார் என்றுகூட ஆயாவுக்குத் தெரியாது. ஊரில் டி.பி. என்றார்கள், அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தார்கள். சேரிக்குள்ளேயே அவருக்கு ஒரு சேரி.

ஆனால் தங்கவயலை இப்படி இருமலோடு மட்டும் முடித்துவிட்டால் அதுவும் கம்பெனிக் கணக்கின் இன்னொரு பக்கம்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகைக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருந்த வாசகர்கள் எவ்வளவு முக்கியம் என்பதை அதைப் புரட்டியவர்கள் அறிவார்கள். அவருடைய சாக்கைய பௌத்த சங்கத்துக்கு அங்கே கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914-இல் மறைந்தார். நின்றுபோன 'தமிழ'னை 1926-இல் மறுபடி எழுப்பி 1935 வரை நடத்தியவர் ஜி. அப்பாதுரையார், நடத்திய இடம் தங்கவயல். பண்டிதரின் நூல்களை மறுபதிப்புச் செய்து காப்பாற்றியது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலென்றும் இரவென்றும் இல்லாமல் கல் வெட்டியவர்கள் ஷிப்ட் முடிந்து வந்து சாதி எப்படி வந்தது என்று விவாதம் பண்ணினார்கள், சந்தா கட்டினார்கள், புத்தகம் போட்டார்கள். தமிழிலக்கியத்தில் சுரங்கம் எங்கே வருகிறது என்று கேட்டவருக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கே தெரியாது. எம்.ஏ. பாடத்திட்டத்தில் அயோத்திதாசர் ஒரு வரியாகக்கூட இருக்கவில்லை.

1956 நவம்பர் 28-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர். லண்டன் கூட்டம் ஒழிந்தது, கேள்வி ஒழியவில்லை. இப்போது அதைக் கேட்டவர்கள் டெல்லியில் இருந்தார்கள். சுரங்கம் நஷ்டத்தில் ஓடுகிறது என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது. அந்த நஷ்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கல்லில் தங்கம் குறைந்தது உண்மை. கடைசிக் காலத்தில் டன்னுக்கு மூன்று கிராம் அளவுக்கு வந்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் கீழேயிருந்து ஒரு டன் கல்லை ஏற்ற எத்தனை செலவு என்பதும் உண்மை. ஆனால் அறுபதுகளில் இந்தத் தங்கம் அரசாங்கத்துக்குப் போனது அவுன்சுக்கு 35 டாலர் என்ற பன்னாட்டு அதிகார விலைக்கு. உள்ளூர் மார்க்கெட்டில் அதே தங்கம் அதைவிட எவ்வளவோ கூடுதலாக விற்றது. விலையை ஒரு கையால் அமுக்கிவிட்டு, மறுகையால் நஷ்டம் என்று எழுதிய கணக்கு அது. லண்டன் பங்குதாரனாக இருந்தால் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டிருப்பான். தொழிலாளிக்குக் கேட்கிற இடத்தில் நாற்காலி இல்லை.

1992-இல் நோயுற்ற நிறுவனம் என்று தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியத்துக்கு அனுப்பினார்கள். 2000-இல் மூடிவிடலாம் என்று அந்த வாரியம் சொன்னது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சங்கு கடைசியாக ஊதியது. 1885-இல் ஒரு சுரங்கத்தை மூட நினைத்த கூட்டத்தில், இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம் என்று சொல்ல ஒரு ஜான் டெய்லர் இருந்தார். 2001-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளின் பக்கம் நின்று அப்படிச் சொல்லத் தகுந்த அதிகாரத்தில் யாரும் இல்லை. மொத்தம் 120 வருஷத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து போயிருக்கிறது.

கொஞ்ச நாள் முன்பு தங்கவயலுக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைக்காது. சுரங்கக்காரர் பேரப்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகிறார்கள், இரவு திரும்பி வந்து படுக்கிறார்கள். ஆழம் போய்த் தூரம் வந்திருக்கிறது. ஊரைச் சுற்றிச் சயனைட் மேடுகள். அரைத்துக் கரைத்துத் தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், மலை போலக் கிடக்கிறது. காற்றடித்தால் அந்த மாவு வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும். அந்த மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் இருக்கிறதாம். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அதை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் சொன்னது. பதிமூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கர்.

ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அண்டர்கிரவுண்டில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். 'எந்த ஊரு நைனா?' என்றார். குடியாத்தம் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேட்டுமண் விஷயத்தைச் சொன்னேன். எதிரே தெரிந்த பெரிய மேட்டைக் காட்டி, இதில்தான் தொடங்குவார்கள் போலிருக்கிறது என்றேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'இது மேல இருக்கறது எல்லாம் எங்க காலத்து மண்ணு. நாங்க தேச்சித் தேச்சி எடுத்துட்டோம், இதுல ஒண்ணும் வராது. வெள்ளைக்காரன் மொதல்ல கொட்டுனான் பாரு, அப்ப கல்லு நல்ல கல்லு, மில்லு மட்டமான மில்லு. பாதித் தங்கத்த மண்ணோட உட்டுட்டான். அது அடியில கீது. எங்க தாத்தன் கொட்டுனது. அந்தப் பக்கமா வந்தா நான் காட்டுவேன்' என்றார். பிறகு கிளாசைக் கீழே வைத்துவிட்டு, 'எங்கள எவன் கேக்கப் போறான்' என்று எழுந்து, எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.